வேல்ஸில் ஊர்க் கவிஞர்களோடு பழகிய அனுபவங்கள்

க்வினெத் பகுதியிலிருந்து, முதியோர் இல்லப் பணியாளர்:

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லம் வடமேற்கு வேல்ஸில், பிளைனாய் ஃபெஸ்டினியாக் ஊருக்கு அருகில் இருக்கிறது. கூரை வேயும் ஸ்லேட் கல்லை வெட்டியே வளர்ந்த வட்டாரம் இது. இந்தக் குவாரி நிலப்பரப்பை 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. எங்களிடம் இருக்கும் பெரியவர்கள் பலருக்கு வெல்ஷ்தான் தாய்மொழி. மறதி நோய் முற்ற முற்ற, பள்ளியில் கற்ற ஆங்கிலம் முதலில் விலகிப்போய்த் தாய்மொழி மட்டும் எஞ்சுவதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் உதவித்தொகை ஒன்றைப் பெற்று, எந்த நிறுவனத்திலும் சேராமல் தனித்துத் தொழில் செய்யும் ஒரு பெண் கவிஞரை வாரம் ஒருமுறை வரவழைத்தார்கள்.

கவிஞர் என்றால் வந்து கவிதை வாசிப்பார் என்று எண்ணியிருந்தேன். அவரோ முதல் நாள் எதையும் வாசிக்கவில்லை. பையிலிருந்து ஒரு ஸ்லேட் துண்டை எடுத்து, வாரக்கணக்கில் பேசாதிருந்த முன்னாள் குவாரித் தொழிலாளி ஒருவரின் மடியில் வைத்தார். பெரியவர் அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு விரல் முட்டியால் தட்டிக் காதருகே கொண்டுபோனார். விரிசல் இல்லாத கல் கணீரென்று ஒலிக்குமாம். அதன்பின் டச்சஸ், கவுண்டஸ், லேடி என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். எல்லாம் ஸ்லேட்டின் அளவுகளுக்குச் சீமாட்டிகளின் பட்டங்களைக் கொண்டு வைத்த பெயர்கள். 24 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் இருந்தால் டச்சஸ். 20க்கு 10 என்றால் கவுண்டஸ். 16க்கு 8 என்றால் லேடி. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கவிஞர் பெரிய தாளில் எழுதி, அவரிடமே திரும்பப் படித்துக் காட்டினார். படித்ததில் ஓரிடத்தைப் பெரியவர் மறுத்துத் திருத்தியபோது, பக்கத்திலிருந்த அவருடைய மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார்.

பெரியவரின் பிறந்தநாளுக்கு அந்தச் சொற்களைக் கொண்டே எங்லின் என்னும் வெல்ஷ் குறும்பாட்டு ஒன்றைக் கவிஞர் எழுதிக்கொண்டு வந்தார். நான்கு அடிகள், மொத்தம் 30 அசைகள். ஒவ்வோர் அடியும் கங்ஹானெத் என்னும் ஒலிக்கட்டுக்குள் நிற்க வேண்டும். அதில் ஒரு வகையில், அடியின் முற்பாதியில் வரும் மெய்யொலிகள் அதே வரிசையில் பிற்பாதியிலும் திரும்ப வர வேண்டும். நம் மோனையைவிடக் கடுமையான கட்டுப்பாடு என்றே சொல்வேன். எங்கள் இல்லம் சம்பளம் கொடுத்தது வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்குத்தான். அந்த நான்கு அடிகளுக்கு ஒரு வாரம் முழுவதும் போயிருந்தது.

திரும்பும்போது அவருடைய காரில் ஊர்வரை செல்வது என் வழக்கமாயிற்று. காலையில் ஒரு பள்ளி, பிற்பகலில் எங்கள் இல்லம், மாலையில் ஒரு தேவாலயக் கூடத்தில் பெரியவர்களுக்கு யாப்பு வகுப்பு என்று அவருடைய நாள் ஓடும். தெற்கே கார்டிஃபில் வேலை வந்தால் ஏ470 சாலையில் நாள் கழியும். ரயிலில் போவதென்றால் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி வழியாகச் சுற்ற வேண்டும். ஆகஸ்டு முதல் வாரத்தில் தேசிய ஐஸ்டெத்வோட் என்னும் வெல்ஷ் மொழிக் கலை இலக்கியத் திருவிழா வந்தால் பட்டறைகளும் மேடைகளும் கூடும். அது முடிந்து பள்ளிகள் திறக்கும்வரை வருமானமே இல்லை. முன்பு அனுப்பிய பில்களுக்குப் பணம் வந்ததா என்று விடுமுறையில் உட்கார்ந்து பார்ப்பாராம்.

அவர் சொன்னவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒன்று உண்டு. வேல்ஸின் கிராமங்களில் பார்த் குலாத் என்ற மரபு நெடுங்காலமாக இருக்கிறது. திருமணம், பணி ஓய்வு, கல்லறைக் கல் என்று எது வந்தாலும் ஊர்க்காரர் ஒருவர் காசு வாங்காமல் பாட்டு எழுதித் தருவார். 1966இல் தேசிய ஐஸ்டெத்வோடில் மரபுக் கவிதைக்கான நாற்காலிப் பரிசு பெற்ற கவிஞர் டிக் ஜோன்ஸ்கூட ஒரு விவசாயி. சோறு போட்டது நிலம். இன்றைய கவிஞருக்கு நிலமும் இல்லை, குவாரிச் சம்பளமும் இல்லை, எழுத்து மட்டுமே பிழைப்பு. ஊராரோ பழைய பழக்கத்தில் “நாலு அடிதானே” என்று கேட்டு வருகிறார்கள். கல்லறைக்கு எழுதுவதற்கு அவர் இன்றும் பணம் வாங்குவதில்லை. அலுவலகங்கள் கேட்டால் கட்டணம் சொல்கிறார். சொன்னதும் சிலர் முகம் மாறுவதாக வருந்தினார். அவர் கட்டணம் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

கார்டிஃபிலிருந்து, பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினர்:

சகோதரி எழுதியதை முழுவதும் ஏற்கிறேன். நகரத்திலும் நிலைமை அதுவேதான். எங்கள் பள்ளி துறைமுகத்துக்கு அருகில் இருக்கிறது. சோமாலி, அரபு, வங்காளம், தமிழ் என்று பல மொழி வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். நாங்கள் அழைத்த கவிஞர், தாத்தா பாட்டியிடம் துறைமுகத்தைப் பற்றிக் கேட்டு வரச் சொன்னார். கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிய கொள்ளுத்தாத்தாவைப் பற்றி ஒரு சிறுமி தட்டுத்தடுமாறிச் சொன்னதை, சொல் வரிசையை மாற்றாமல் அப்படியே கரும்பலகையில் எழுதி, எங்கே மூச்சு விட வேண்டும் என்று வகுப்பையே கேட்டார். பிள்ளைகள் கைதட்டி இடம் காட்ட, அந்த இடங்களில் அடி பிரித்தார். அந்த வகுப்பை மேற்பார்வையிட்ட ஆசிரியை இப்போது தானும் அதே முறையில் எழுதச் சொல்லித் தருகிறார்.

அவருக்கு ஒரு நாள் கட்டணம்தான் பேசியிருந்தோம். பிள்ளைகளின் பாட்டைத் தட்டச்சு செய்து, ஒவ்வொருவர் பெயரையும் பிழையின்றிச் சரிபார்த்து, சிறு நூலாக்கித் தந்ததெல்லாம் அவருடைய சொந்த இரவுகளில் நடந்தது. நிதி வழங்கிய அமைப்பு பங்கேற்றோர் எண்ணிக்கையையும் கருத்துப் படிவங்களையும் கேட்டு, அவர் கைக்குப் பணம் போய்ச் சேரவே மாதங்கள் ஆயின.

இப்போது எங்கள் விண்ணப்பங்களில் முன்தயாரிப்பு, பயணம், வகுப்பு, தொகுப்பு வேலை ஆகிய நான்குக்கும் தனித்தனியாகத் தொகை குறிக்கிறோம். வேல்ஸில் இருக்கும் தமிழ்ச் சங்கங்கள் யாரையாவது அழைக்க நினைத்தால், தேதி பேசும்போதே இவற்றையும் எழுத்தில் பேசிவிடுங்கள். பொது நிகழ்ச்சிகளாக இருந்தால், எழுத்தாளரின் கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்கும் திட்டம் உண்டா என்று வேல்ஸின் இலக்கிய வளர்ச்சிக்கான லிட்டரேச்சர் வேல்ஸ் அமைப்பிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.