2012 ஸ்விஃப்ட் டீசல், ஹெட் கேஸ்கட் போயிருக்கு, 95,000-க்குத் தர்றாங்க. எடுக்கலாமாங்க?

சந்தைக்கடை (சத்தியமங்கலம்):

வணக்கமுங்க. நான் திருப்பூர் காதர்பேட்டையில பனியன், டி-ஷர்ட், குழந்தைங்க நிக்கர்னு செகண்ட்ஸ் சரக்கு எடுத்து, புளியம்பட்டி சந்தையிலயும் சுத்துப்பட்டு ஊருலயும் விக்கறேன். இப்போதைக்கு எக்ஸ்எல்-லதான் மூட்டை கட்டிட்டு வர்றது. மழை பிடிச்சா அவ்வளவுதான், சரக்கு பூரா நனைஞ்சுரும். வீட்லயும் ரொம்ப நாளா ஒரு கார் எடுங்கன்னு சொல்லிட்டே இருக்காங்க.

தெரிஞ்சவர் மூலமா கோயமுத்தூர்ல ஒரு வண்டி வந்திருக்கு. 2012 ஸ்விஃப்ட் விடிஐ, வெள்ளை, டிஎன் 38, ரெண்டாவது ஓனர், மீட்டர்ல 1,48,000 காட்டுது. பாடி சுத்தம். டயர் நாலும் பாதிக்கு மேல இருக்கு. சீட் கவர் கூட கிழியல.

என்ஜின்லதான் வேலை. பெருந்துறை பைபாஸ்ல ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சிருக்கு. ஓனர் ஹோஸைத் துணி வச்சுக் கட்டி, வழியெல்லாம் தண்ணி ஊத்தி ஊத்தி வீடு வரைக்கும் ஓட்டிட்டு வந்துட்டாராம். அதுல இருந்து காலையில ஸ்டார்ட் பண்ணா வெள்ளைப் புகை, கூலன்ட் குறைஞ்சுட்டே போகுது. அவரோட மெக்கானிக், என்ஜின் ஹெட்டுக்கு அடியில அடைக்கற ஹெட் கேஸ்கட் மட்டும்தான், 18,000-ல முடிஞ்சிரும்கறார்.

நல்ல கண்டிஷன்ல இதே வண்டி 2,40,000-க்குக் கம்மியா யாரும் சொல்லல. இவர் 1,10,000-ல ஆரம்பிச்சு 95,000-க்கு இறங்கிட்டார். 18-ஐச் சேத்தாலும் 1,13,000. கிட்டத்தட்ட பாதி விலை. என் கையில சீட்டு எடுத்த பணம் 1,40,000 இருக்கு. அதுக்கு மேல ஒத்த ரூவா புரட்ட முடியாது. எடுக்கறதா விடறதா, விவரம் தெரிஞ்ச அண்ணனுங்க சொல்லுங்க.

ஆம்னி பிரியன் (ஈரோடு):

விடுங்க பாஸ். ஹீட்டான டீசல் வண்டி நமக்கு எதுக்கு? அதே காசுக்கு நல்ல ஆம்னி கிடைக்கும். 796 சிசி, மூணு சிலிண்டர், எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிட்டு வேலை பாப்பான். பின்சீட்டை மடக்கினா உங்க மூட்டை பூரா உள்ள போயிரும். ஸ்விஃப்ட் டிக்கியில எத்தனை மூட்டை ஏத்துவீங்க?

பழைய ஸ்பேனர் (திருச்செங்கோடு):

ஆம்னி பிரியன் டிக்கியைப் பத்திச் சொன்னது சரி. மத்ததுக்கு நான் வர்றேன். நம்ம ஷெட்டு திருச்செங்கோட்டுல. ரிக் லாரியில கை அழுக்காக ஆரம்பிச்சு, இப்ப காரும் பாக்கறோம்.

தம்பி, இந்த 1.3 டீசல் என்ஜின் ஃபியட்டோட டிசைன். 1,248 சிசி. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா, புண்டோன்னு எல்லாத்துலயும் கிட்டத்தட்ட இதேதான் உக்காந்திருக்கு. 2020 ஏப்ரல்ல மாருதி டீசலையே நிறுத்திட்டாலும் சாமானுக்குப் பஞ்சமில்ல, வேலை தெரிஞ்ச ஆளுக்கும் பஞ்சமில்ல. டீசல்னு பயந்து ஓட வேண்டாம்.

எனக்கு உறுத்தறது நீங்க போற போக்குல எழுதின ஒரு வரி. பெருந்துறையில ஹோஸ் வெடிச்ச வண்டியைக் கோயமுத்தூர் வரைக்கும் ஓட்டியிருக்கார். 80 கிலோமீட்டர் இருக்குமே! இந்த என்ஜின்ல கேஸ்கட்டுக்குக் கீழ இருக்கற பிளாக் இரும்பு, மேல மூடற ஹெட் அலுமினியம். சூடு ஏறினா ரெண்டும் ஒரே அளவுல விரியாது. ஹெட் வளையும், அப்புறம்தான் கேஸ்கட் ஊதும். கொதிக்கற என்ஜின்ல பச்சைத் தண்ணியை ஊத்தினா வால்வு சீட்டுக்கு நடுவுல மயிரிழை கிராக் விழறதும் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, லேத்துல பிரஷர் வச்சு லீக் டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். ஃபேசிங் போடாம, அதாவது வளைஞ்ச ஹெட்டைச் சீவி மட்டமாக்காம, டெஸ்ட் பண்ணாம, புது கேஸ்கட்டை வச்சு மூடினா மறுபடி ஊதத்தான் போகுது. 18,000-ங்கறது அப்படி மூடற வேலைக்கான ரேட்டு.

ஒருதடவை போய்ப் பாருங்க. முன்னாடியே சொல்லி வைங்க, வண்டியை அன்னிக்கு யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு. போனதும் பானெட்டுல கை வைங்க. சூடா இருந்தா அவர் எதையோ மறைக்கறார். ஆறியிருந்தா கூலன்ட் டேங்க் மூடியைக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. (சூட்டுல மட்டும் திறந்துடாதீங்க, மூஞ்சி வெந்துரும்.) விடாம குமிழி வந்துட்டே இருந்தா கம்ப்ரஷன் தண்ணிக்குள்ள போகுதுன்னு அர்த்தம். அதுகூடப் பரவால்ல, ஹெட்டோட முடியலாம். அடுத்து ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்க, ஆயில் ஊத்தற மூடியோட அடியிலயும் பாருங்க. கறுப்பா இருந்தா நல்லது. மோர் கலந்த மாதிரி வெளுத்துப் பிசுபிசுன்னு இருந்தா தண்ணி ஆயில்ல இறங்கியிருக்கு. அப்படி ஓடின என்ஜின்ல கனெக்டிங் ராட் பேரிங், டர்போ எல்லாம் சந்தேகம்தான். கடைசியா, ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து மேல தலைகீழா வைங்க. மூடி துள்ளி விழற அளவுக்குப் பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டனைத் தாண்டிக் கீழ இறங்கற காத்து, அடிச்சா பிஸ்டன் ரிங்கும் போச்சு.

இப்பக் காசுக்கு வர்றேன். எங்க பக்கத்து ரேட்டுல, ஹெட் வேலையை ஒழுங்கா செஞ்சா, அதாவது ஃபேசிங், லீக் டெஸ்ட், வால்வு வேலை, கேஸ்கட் செட், புது ஹெட் போல்ட், கூலி சேத்து 35,000-ல இருந்து 40,000 வரும். இவ்வளவு தூரம் பிரிச்சிட்டு டைமிங் செயினை மாத்தாம விட்டா அது புத்திசாலித்தனம் இல்ல, அதுக்கொரு 8,000. பிஸ்டன், பேரிங்னு கீழயும் இறங்க வேண்டி வந்தா மொத்தமா 85,000 பக்கம் போயிரும். இன்ஜெக்டர் தனி.

95-ம் 85-ம் 1,80,000. வண்டியோட மதிப்பைப் பாத்தா அப்பக்கூட நஷ்டமில்ல. கையில 3 லட்சம் வச்சிருக்கறவருக்கு இது நல்ல வண்டின்னே சொல்லுவேன். உங்ககிட்ட இருக்கறது 1,40,000. வண்டியை வாங்கிட்டு, ஹெட்டைக் கழட்டி, அப்புறம் பணமில்லாம நிறுத்தினீங்கன்னா என்ஜின் ஒரு மூலையில, வண்டி ஒரு மூலையில கிடக்கும். நம்ம ஷெட்டுக்குப் பின்னாடியே அப்படி ரெண்டு வண்டி கிடக்குது. பிரிச்சுப் போட்ட வண்டியை விக்கப் போனா பழைய இரும்புக்காரன் மட்டும்தான் வருவான்.

அதனால ரெண்டு விலை சொல்லுங்க. பிரிச்சுப் பாக்காம அப்படியே எடுத்துக்கணும்னா 45,000. ஹெட்டைக் கழட்டிக் காட்டி, பிளாக் நல்லா இருந்தா 80,000 வரைக்கும். பிரிக்கற கூலியை நீங்க ஏத்துக்கங்க, அது போனா போகட்டும்.

உக்கடம் பையன் (கோவை):

ஸ்பேனர் அண்ணா பெருசா பயமுறுத்தறார் 😀 இதே என்ஜின் ஸ்கிராப்ல வந்தது உக்கடத்துல கிடைக்குமே. அசம்பிளியாவே தூக்கி மாட்டிட்டா ரெண்டு நாள் வேலை. ஃபுல் என்ஜின் பண்றதுல பாதி காசு.

பழைய ஸ்பேனர் (திருச்செங்கோடு):

கிடைக்கும் தம்பி, நானே மாட்டியிருக்கேன். அந்த என்ஜின் எந்த வண்டியில இருந்து வந்துச்சு, என்னத்துக்கு ஸ்கிராப்புக்குப் போச்சுன்னு யார் சொல்லுவா? அதுவும் ஹீட்டானதா இருந்தா? அடுத்தது, என்ஜின் நம்பர் மாறும். பில்லு இல்லாம ஆர்.சி.-யில ஏத்த முடியாது. ஏத்தாம ஓட்டினா பிடிக்கற அன்னிக்குத் திருட்டு என்ஜினான்னு கேப்பாங்க.

ஃபார்ம் முப்பது (கோபி):

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலை பாத்துக் குடுக்கறவன் நான். என்ஜினைப் பத்தித் தெரியாது, பேப்பரைப் பத்திச் சொல்றேன்.

வண்டி நம்பரைப் பரிவாகன்ங்கற அரசு வெப்சைட்ல போட்டு, ஹைப்பாதிகேஷன், அதாவது வண்டி மேல பேங்க் கடன் பதிவு, இருக்கான்னு முதல்ல பாருங்க. லோன் கட்டி முடிச்சும் ஆர்.சி.-யில பேங்க் பேர் அப்படியே இருக்கற வண்டி எக்கச்சக்கம். இருந்தா கடன் பாக்கி இல்லைன்னு பேங்க் தர்ற என்.ஓ.சி.-யும், அந்தப் பதிவை நீக்கற ஃபார்ம் 35-ம் ஓனரே வாங்கித் தரணும், பணம் குடுக்கறதுக்கு முன்னாடி. பேர் மாத்த ஃபார்ம் 29, 30. இ-செலான் பாக்கி இருந்தா அதையும் அவரையே கட்டச் சொல்லுங்க.

2012 வண்டின்னா ஆர்.சி. 2027-ல முடியுது. 15 வருஷம் ஆயிட்டா எஃப்.சி. காட்டி 5 வருஷத்துக்கு ரினீவல் பண்ணணும். அந்த ரினீவல் ஃபீஸை 2022 ஏப்ரல்ல 600-ல இருந்து 5,000 ஆக்கிட்டாங்க. பசுமை வரி அது போக. 2,40,000 மதிப்புன்னு நீங்க போடற கணக்குல இதையும் கழிச்சுக்கங்க.

இன்னொண்ணு, யாரும் சொல்ல மாட்டாங்க. சொந்தக் கார் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படிங்க. சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர சரக்கு ஏத்தினா கவர் இல்லைன்னு அச்சடிச்சிருக்கும். பனியன் மூட்டையோட ஆக்சிடென்ட் ஆனா சொந்த டேமேஜ் கிளெய்ம்ல மல்லுக்கட்டணும். ஆம்னி எடுத்தாலும் வெள்ளை போர்டுன்னா இதே கதைதான்.

சந்தைக்கடை (சத்தியமங்கலம்):

எல்லாருக்கும் நன்றிங்க. காலையில பஸ் பிடிச்சுப் போய்ப் பாத்துட்டு வந்தேன். பானெட் ஆறித்தான் இருந்துச்சு. கூலன்ட் டேங்க்ல குமிழி சோடா பாட்டில் திறந்த கணக்கா வந்துச்சு. டிப்ஸ்டிக் கறுப்பா இருந்துச்சு. மூடிக்கு அடியில மட்டும் ஓரத்துல லேசா வெளுப்பு. தலைகீழா வச்ச மூடி ஆடுச்சு, விழல. பரிவாகன்ல பாத்தா பேங்க் பேர் இன்னும் இருக்கு.

ரெண்டு விலையும் சொன்னேன். 45-ன்னதும் ஓனர் சிரிச்சுட்டார். பிரிச்சுக் காட்டறதுக்கு ஒத்துக்கிட்டார், ஆனா அவரோட மெக்கானிக் ஷெட்டுலதான் பிரிக்கணுமாம். நல்லா இருந்தா 85-க்குக் குறைக்க மாட்டாராம்.

சரக்கு விஷயத்துக்கு ஃபார்ம் முப்பது அண்ணன் சொன்னதைக் கேட்டு யோசனையாத்தான் இருக்கு. ஒருவேளை வண்டி வீட்டுக்கு, சரக்கு ஷேர் ஆட்டோவுலன்னு வச்சுக்கலாம். மூடிக்கு அடியில இருந்த வெளுப்புக்கு என்ன அர்த்தம் ஸ்பேனர் அண்ணா?

பழைய ஸ்பேனர் (திருச்செங்கோடு):

ஓரத்துல மட்டும் லேசான வெளுப்புன்னா ரொம்ப நாள் ஓடாம நின்னதுல வேர்த்த தண்ணியாவும் இருக்கலாம். டிப்ஸ்டிக் சுத்தமா இருக்கறதால இதுக்கு நான் பயப்படல. நீங்க சொல்றதைப் பாத்தா கீழ்ப்பக்கம் தப்பிச்சிருக்க வாய்ப்பு இருக்கு.

அவர் ஷெட்டுலயே பிரிக்கட்டும், தப்பில்ல. பிரிக்கும்போது நீங்க பக்கத்துல நிக்கணும், கழட்டி முடிச்சுட்டு கூப்பிடறேன்னா ஒத்துக்காதீங்க. ஹெட் வெளிய வந்ததும் துணியால துடைக்கச் சொல்லி, ஸ்டீல் ஸ்கேலை நெட்டுக்குத்தா நீளவாக்குலயும் மூலைக்கு மூலையும் வச்சு, அடியில ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கற மெல்லிசுத் தகடு) நுழையுதான்னு பாருங்க. அப்புறம் நாலு சிலிண்டர் சுவத்தையும் நகத்தால மேலயும் கீழயும் கீறிப் பாருங்க. கோடு தெரியலாம், ஆனா நகம் மாட்டக் கூடாது. எங்கயாவது நகம் மாட்டிச்சுன்னா பிரிச்ச கூலியைக் குடுத்துட்டு பஸ் ஏறிருங்க. மாட்டலன்னா ஹெட்டை நீங்களே தூக்கிட்டு நீங்க சொல்ற லேத்துல லீக் டெஸ்ட்டுக்குக் குடுங்க. ரிசல்ட் வந்த பிறகு பேசற விலைதான் விலை.

85-ம் ஹெட் வேலை, செயின் 48-ம் 1,33,000. பேர் மாத்த, இன்சூரன்ஸ் எடுக்க மிச்சம் 7,000 பத்தாது. 78-க்கு வரச் சொல்லுங்க. என்.ஓ.சி. கைக்கு வர்ற வரைக்கும் அட்வான்ஸ்னு எதுவும் வேண்டாம்.

சந்தைக்கடை (சத்தியமங்கலம்):

78 சொல்லிட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னுட்டார். பேங்க்ல என்.ஓ.சி. வாங்க ஒரு வாரம் ஆகுமாம், வந்ததும் பிரிக்கலாம்னு பேச்சு. அதுக்குள்ள புளியம்பட்டியில ஒரு ஆம்னி இருக்குன்னு சொல்றாங்க, அதையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்து எழுதறேன்.