மூடி கழன்ற பேனா: செரிமான நொதிகளை நேரில் சந்தித்த அனுபவங்கள்

தொடங்கியவர்

இரவு இரண்டு மணிக்கு மேல்வயிற்றில் பிடித்த வலி முதுகு வரை பாய்ந்தது. மல்லாந்து படுக்க முடியவில்லை. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் குறைந்தது. வாயுப்பிடிப்பு என்று நினைத்து விடியும்வரை பொறுத்துக்கொண்டேன், பொறுத்திருக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனையில், கொழுப்பை உடைக்கும் கணைய நொதியான லைபேஸின் அளவு இயல்பான உச்ச அளவைப் போல் மூன்று மடங்கையும் தாண்டியிருந்தது. பித்தப்பையிலிருந்து நழுவிய கல் ஒன்று, பித்தக்குழாயும் கணையக்குழாயும் சேர்ந்து குடலுக்குள் திறக்கும் இடத்தில் போய் அடைத்திருந்தது. "கணையம் தன்னைத்தானே செரிக்கத் தொடங்கியிருக்கிறது" என்றார் மருத்துவர்.

எனக்கு விளங்கவில்லை. அவர் தன் சட்டைப்பையிலிருந்த மைப்பேனாவை எடுத்துக் காட்டினார். "மூடி இருக்கிறவரை இது பைக்குள் எத்தனை நாள் கிடந்தாலும் சட்டைக்கு ஒன்றும் ஆகாது. எழுதும்போதுதான் மூடியைக் கழற்ற வேண்டும். உங்களுக்குப் பைக்குள்ளேயே கழன்றுவிட்டது."

அதற்கப்புறம் படுக்கையில் கிடந்தபடி நிறையப் படித்தேன். புரதத்தை வெட்டும் நொதிகளைக் கணையம் வெட்டும் நிலையில் செய்வதே இல்லை. டிரிப்சினோஜன், கைமோடிரிப்சினோஜன் என்று செயலற்ற வடிவில் செய்து, செல்லுக்குள் சிறு பொதிகளாகக் கட்டி வைக்கிறது. தப்பித்தவறி கொஞ்சம் டிரிப்சின் உருவாகிவிட்டால் அதைக் கவ்விப் பிடிக்க ஒரு தடுப்புப் புரதத்தையும் அதே பொதியில் போட்டு வைக்கிறது. சாறு முன்சிறுகுடலுக்கு வந்ததும், அங்கே குடற்சுவரில் பதிந்திருக்கும் என்டெரோகைனேஸ் என்ற நொதி, டிரிப்சினோஜனின் ஒரு நுனியிலிருந்து சின்னத் துண்டு ஒன்றை நறுக்கி எடுக்கிறது. அந்தத் துண்டுதான் பேனாவின் மூடி. அது போனதும் டிரிப்சின் தயார். பிறகு டிரிப்சினே மற்ற நொதிகளின் மூடிகளையும், மீதமிருக்கும் டிரிப்சினோஜனின் மூடியையும் கழற்றிவிடுகிறது. ஒரு பொறி விழுந்தால் போதும், வரிசையாகப் பற்றிக்கொள்ளும். அந்தப் பொறி குடலில் விழாமல் கணையத்துக்குள்ளேயே விழுந்ததுதான் எனக்கு வந்த வலி.

உங்களில் யாருக்காவது இந்த நொதிகளோடு நேரடி அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

உயிரியல் ஆசிரியை

படிக்கும்போதே நெஞ்சு பதறியது. இப்போது நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு சோதனை செய்து காட்டுவேன். மாவுக் கரைசலில் கொஞ்சம் உமிழ்நீரைக் கலந்து 37 டிகிரி வெந்நீரில் வைத்து, அரை நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சொட்டு எடுத்து, வெள்ளை ஓட்டில் இருக்கும் அயோடின் மேல் விடுவோம். முதல் சொட்டு கருநீலம். நான்காவது, ஐந்தாவதில் ஊதா. கடைசியில் அயோடினின் பழுப்பு நிறம் மாறாமல் அப்படியே நிற்கும். மாவுச்சத்து உடைந்துவிட்டது என்று அர்த்தம். பிள்ளைகள் ஓட்டைச் சுற்றித் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

இந்த ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: "உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸுக்கு மூடி இல்லையா, டீச்சர்?" மாவுச்சத்தை உடைக்கும் நொதிதான் அமைலேஸ். அதற்கு மூடி இல்லை. அது வாயில் சுரக்கும்போதே வெட்டும் நிலையில்தான் வருகிறது. ஏன் என்று அவளையே யோசிக்கச் சொன்னேன். மறுநாள் வந்து, "நம் செல்கள் மாவுச்சத்தால் கட்டியவை இல்லையே, அதனால் ஆபத்தில்லை" என்றாள். அன்று முழுக்க எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

அமிலம் விட்ட சோதனைக்குழாயில் அமைலேஸ் வேலை செய்யாது. கருநீலம் கடைசிவரை மாறாது. வயிற்றிலோ, புரதத்தை வெட்டும் பெப்சினின் செயலற்ற வடிவமான பெப்சினோஜன் அமிலத்தில்தான் விழித்துக்கொள்கிறது. அதற்கு வேறு நொதி வேண்டாம். அமிலம் பட்டதும் அதன் மடிப்பு விரிந்து, தன் மூடியைத் தானே அறுத்துக்கொண்டு பெப்சினாகிவிடும். அமிலம் ஒரு வகைச் செல்லிலிருந்தும் பெப்சினோஜன் இன்னொரு வகைச் செல்லிலிருந்தும் வருவதை நான் பாடத்தில் இரண்டு முறையாவது சொல்வேன். இரண்டும் வெளியே வந்து சந்தித்தால்தான் கத்தி தீட்டப்படுகிறது.

ஒரு குழந்தையின் அம்மா

என் மகனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய். அவன் கணையக் குழாய்களில் சாறு கெட்டியாகி அடைத்துவிடுவதால் நொதிகள் குடலுக்கு வந்து சேர்வதில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது எவ்வளவு குடித்தாலும் எடை ஏறாது. மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு, தாங்க முடியாத நாற்றத்தோடு இருக்கும். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்த்தார்கள். ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே போனாலே குறைவு. அவனுக்கு 100ஐக் கூடத் தொடவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் நொதிக் கேப்சூல். திறந்தால் உள்ளே கடுகைவிடச் சின்ன மணிகள். முதல் வாரம் நான் ஒரு தப்பு செய்தேன். குழந்தை விழுங்கக் கஷ்டப்படுவானே என்று மணிகளைக் கரண்டியால் நசுக்கி ஊட்டிவிட்டேன். இரண்டே நாளில் உதட்டோரமும் ஈறும் சிவந்து புண்ணாகிவிட்டன. மணியின் மேல் இருக்கும் பூச்சு வயிற்று அமிலத்தில் கரையாது, அமிலத்தன்மை குறைந்து பிஎச் 5.5 தாண்டிய இடத்தில்தான், அதாவது குடலில்தான் கரையும். நான் அந்தப் பூச்சை நசுக்கிப் போட்டதால் நொதி வாயிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டது. இப்போது புளிப்பான பழக்கூழில் முழு மணிகளாகக் கலந்து கொடுத்து, பிறகு விரலால் ஈறு ஓரமெல்லாம் தடவிப் பார்த்து, தண்ணீர் குடிக்க வைக்கிறேன்.

நீங்கள் சொன்ன பேனாக் கதையைப் படித்ததும் அந்தப் பூச்சுதான் ஞாபகம் வந்தது. உள்ளே இருக்கும் நொதிகளுக்கு மூடி கிடையாது. அதனால் வெளியிலிருந்து ஒரு மூடி போட்டுத் தருகிறார்கள்.

செவிலியர், ஸ்டோமா பராமரிப்பு

அம்மா எழுதியதை நான் வேறு இடத்தில் தினமும் பார்க்கிறேன். சிறுகுடலின் கடைசிப் பகுதியை வயிற்றுத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து பை பொருத்தியவர்களுக்கு, வெளியேறும் திரவத்தில் கணைய நொதிகள் இன்னும் வேலை செய்துகொண்டே இருக்கும். பெருங்குடல் வழியாகப் போயிருந்தால் அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றில் பெரும்பாலானதைச் சிதைத்திருக்கும். பையின் ஓரத்தில் கசிவு ஏற்பட்டால் சில மணி நேரத்தில் தோல் செக்கச்செவேல் என்றாகி, மேல்தோல் உரிந்து, தொட்டாலே எரியும். நெருப்புச் சுட்டதுபோல் இருக்கிறது என்று நோயாளிகள் அழுவார்கள். எரிச்சல் தெரிந்தால் பையை உடனே மாற்றுங்கள், காலைவரை பொறுக்காதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவேன். குடலின் உள்சுவர் இதே திரவத்தைத் தாங்குகிறது என்றால், மேலே படர்ந்த சளிப்படலமும், சில நாட்களுக்கு ஒருமுறை முழுக்கப் புதிதாகும் செல் அடுக்கும்தான் காரணம்.

அடிக்கடி கணைய வலி வருபவர்

எனக்குக் கல் இல்லை, குடிப்பழக்கமும் இல்லை. காரணம் தேடி, எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும்போதே செக்ரெட்டின் ஊசி போட்டார்கள். பிறகு மருத்துவர் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினார். ஊசிக்கு முன் கணையக்குழாய் நூல்போல இருந்தது. சில நிமிடங்களில் அது பருத்து, முன்சிறுகுடலில் வெள்ளையாகத் திரவம் நிரம்புவது தெரிந்தது. என் கணையம் வேலை செய்வதை என் கண்ணாலேயே பார்த்தேன்!

வயிற்று அமிலம் முன்சிறுகுடலைத் தொட்டதும் அதன் சுவரிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஹார்மோன்தான் செக்ரெட்டின். அமிலத்தைச் சமன்செய்யும் காரச்சாற்றை அனுப்பு என்று கணையத்துக்குச் சொல்வது அதுவே. 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற உடலியல் ஆய்வாளர்கள் இருவரும் ஒரு நாயின் குடல் துண்டில் நரம்புகளை அறுத்துவிட்டு அதில் அமிலம் விட்டார்கள். நரம்பே இல்லாமல் கணையம் சுரந்தது. அதுவரை எல்லாம் நரம்பு வழியாகத்தான் நடக்கிறது என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. 'ஹார்மோன்' என்ற சொல்லை ஸ்டார்லிங் 1905இல் அறிமுகப்படுத்தினார். சாற்றோடு நொதிகளையும் அனுப்பச் சொல்வது கோலிசிஸ்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன். கொழுப்பும் புரதமும் குடலுக்கு வந்ததும் அது கிளம்புகிறது. பித்தப்பையைச் சுருக்குவதும் அதுவே.

தொடங்கியவர்

ஐயா, இந்தக் கோலிசிஸ்டோகைனினை நினைத்துத்தான் நான் சாப்பிடவே பயந்தேன். சாப்பிட்டால் அது கிளம்பும், கிளம்பினால் நொதி சுரக்கும், மறுபடி அதே வலி என்று மனதில் ஒரு கணக்கு. இரண்டாம் நாள் மருத்துவர் உணவு கொடுக்கச் சொன்னபோது வேண்டாம் என்று தட்டைத் தள்ளினேன். அவர் உட்கார்ந்து பேசினார். முன்பெல்லாம் நாள்கணக்கில் பட்டினி போடுவோம், இப்போது வாந்தி இல்லாமல் சாப்பிட முடிந்தால் சீக்கிரமே கொடுத்துவிடுகிறோம், வெறுமனே கிடந்தால் குடற்சுவர்தான் நலிந்துபோகும் என்றார். என் மனைவி ஒரு கரண்டி எடுத்து நீட்டினார். விழுங்கிவிட்டு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பத்து நிமிடம், இருபது நிமிடம் ஆனது. வலி வரவில்லை. மீதியையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பித்தப்பையை எடுத்தாகிவிட்டது. லைபேஸ் இயல்புக்கு வந்துவிட்டது. ஆசிரியை அவர்களே, நலமாக இருக்கிறேன்.