குடிநோய் சிகிச்சைக்குத் தம்பியைத் தாய்லாந்துக்கு அனுப்பவா, சென்னைக்கா?

கிள்ளான் அக்கா
வணக்கம், நாங்கள் மலேசியாவில் இருக்கிறோம். என் தம்பிக்கு வயது 36. பதினைந்து வருடமாகக் குடி. முதலில் பீர், அப்புறம் விஸ்கி, இப்போது கையில் காசில்லாத நாளில் சம்சு என்ற மலிவுச் சாராயம். காலையில் காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் வாய்க்குக் கொண்டுபோகிறான், அப்படியும் பாதி சட்டையில் சிந்துகிறது. போன வாரம் அவனே வாய் திறந்து, "என்னை எங்கேயாவது கொண்டுபோய் விடுக்கா, இங்கே மட்டும் வேண்டாம்" என்றான். வேலையிடத்தில் தெரிந்துவிடும் என்ற பயம். தாய்லாந்தில் சியாங் மாய் நகரில் வெளிநாட்டவருக்கென்றே நடக்கும் ஒரு மையத்தில் விசாரித்தேன். 28 நாள் சிகிச்சை. அம்மாவின் நகையை அடகு வைத்தால் பணம் கட்டலாம். மாமா சென்னைதான் என்கிறார். தம்பி தமிழ்ப்பள்ளியில் படித்தவன். மலாய் நன்றாக வரும், ஆங்கிலம் சமாளிப்பான். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஷா ஆலம் குமரன்
அக்கா, யோசிக்காமல் தாய்லாந்துக்கு அனுப்புங்கள். நான் போய் வந்தவன், குடியை விட்டு மூன்று வருடம் ஆகிறது. அங்கே முதல் நாளே கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டார்கள். கூட்டாளிகள் கூப்பிட வழியில்லை. ஆஸ்திரேலியர், பிரிட்டிஷ்காரர், துபாயிலிருந்து வந்தவர் என்று ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்தோம். என் அப்பா யார், என் சம்பளம் எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது. ஆலோசகர்களில் பாதிப்பேர் தாங்களே குடியிலிருந்து மீண்டவர்கள். கிள்ளானில் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் யாராவது ஒரு சொந்தக்காரர் வாசலில் நிற்பார். உங்கள் தம்பி "இங்கே மட்டும் வேண்டாம்" என்றது எனக்கு நன்றாகப் புரிகிறது.

உட்லண்ட்ஸ் வேலு
நகையில் கை வைக்காதீர்கள் அக்கா. என் அண்ணனும் இப்படித்தான் வெளிநாட்டு மையத்துக்குப் போனார். எந்த மையம் என்று இங்கே எழுதவில்லை. இணையத்தில் 'இலவச ஆலோசனை' என்ற எண்ணைக் கூப்பிட்டோம். பேசியவர் அண்ணன் எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்கவே இல்லை, காப்பீடு இருக்கிறதா, என்ன வேலை என்றுதான் கேட்டார். அந்த எண் மையத்துடையதே இல்லை, ஆள் பிடித்துக் கொடுத்து கமிஷன் வாங்குகிறவருடையது என்பது பிறகுதான் தெரிந்தது. இந்தத் தரகு அமெரிக்காவில் எல்லை மீறிப்போய், 2018இல் அதைக் குற்றமாக்கி மத்தியச் சட்டமே போட்டார்கள். மற்ற நாடுகளில் நாமே விழிப்பாக இருந்தால்தான் உண்டு.

அண்ணன் நீச்சல்குளத்தோடு இருந்த வில்லாவில் நான்கு வாரம் இருந்து, முகம் தெளிந்து வந்தார். பதினோராவது நாள் ஒரு கல்யாண விருந்தில் கிளாஸை எடுத்தார். அதுவரை அந்த மையத்திலிருந்து ஒரு போன் கூட வரவில்லை. அப்புறம் வந்த மின்னஞ்சல், இரண்டாம் முறை வந்தால் கட்டணத்தில் கழிவு உண்டு என்றது.

இன்னொன்று. சிங்கப்பூரில் போதைப்பொருள் என்றால் டாக்டர் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். அந்தப் பயத்தில் வெளிநாடு ஓடுகிறவர்கள் உண்டு. மதுவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மது மட்டும்தான் என்றால் உள்ளூரிலேயே அரசு மருத்துவமனையில் சேர்க்கலாம்.

மயிலாப்பூர் சிஸ்டர்
நான் சென்னையில் குடிநோய் வார்டில் இருபது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த நாடு என்பதை அப்புறம் பேசுவோம். கிள்ளான் அக்கா எழுதியதில் அந்தக் காப்பி டம்ளர்தான் என் கண்ணில் நிற்கிறது. வார்டில் புதிதாக வருகிறவரைக் கையை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு தாளை வைப்போம். தாள் படபடவென்று அடித்தால் முதலில் டாக்டர், மற்றதெல்லாம் பிறகுதான்.

இவ்வளவு குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி தடுமாறும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், காய்ச்சல் ஏறும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். "நாளைக்கு பிளைட், இன்றோடு நிறுத்திவிடு" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நடுவானில் வலிப்பு வந்தால் யாரால் என்ன செய்ய முடியும்? உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே முதல் ஒரு வாரம் சேருங்கள். நடுக்கத்துக்கு மாத்திரையை அளவாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். அது மூளையைக் காப்பாற்றும்.

ஷா ஆலம் குமரன்
சிஸ்டர், எனக்கும் அங்கே முதல் ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள், நர்ஸ் இருந்தார். எல்லா மையமும் வில்லா இல்லை. ஆனால் அக்காவின் மாமா சென்னை என்கிறாரே, அங்கே மறுவாழ்வு இல்லம் என்ற பெயரில் கட்டிப்போட்டு அடிக்கிறார்கள் என்று செய்தி வருகிறதே? வாசலைத் தாண்டினால் டாஸ்மாக் வேறு.

பினாங்கு சுந்தரம்
பணம்தான் தடை என்றால் ஒரு வழி சொல்கிறேன். தாய்லாந்து சராபுரி மாநிலத்தில் தாம் கிராபோக் புத்த மடாலயம் இருக்கிறது. வெளிநாட்டவரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கிருந்த பிக்கு சம்ரூன் பன்சந்துக்கு 1975இல் மக்சேசே விருதே கொடுத்தார்கள். புத்தர் முன் சத்தியம் செய்யவேண்டும். மூலிகை மருந்து குடித்து நாட்கணக்கில் வாந்தி எடுக்கவேண்டும். என் நண்பன் ஹெரோயினை அங்கேதான் விட்டான்.

மயிலாப்பூர் சிஸ்டர்
சுந்தரம் ஐயா, அந்தச் சத்தியத்தின் பலத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அபினி, ஹெரோயின் வகையை நிறுத்தும்போது வரும் வேதனையும் மதுவை நிறுத்தும்போது வரும் ஆபத்தும் ஒன்றில்லை. ஈரல் கெட்டவருக்கு உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கலாம். வாந்தி எடுக்கும்போது அது வெடித்தால் என்ன ஆகும் என்று வார்டில் பார்த்திருக்கிறேன். ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் இந்தத் தம்பியை அங்கே அனுப்பவே கூடாது.

குமரன் தம்பி, நீங்கள் சொல்லும் இல்லங்கள் இருக்கின்றன, மறைக்க ஒன்றுமில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோயாளிக்கும் பொருந்தும். சங்கிலியால் கட்டுவது அதில் தடை. மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கவேண்டும், அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். "குடும்பத்தார் முதல் மாதம் வரக்கூடாது" என்கிற இடத்தில் கண்டிப்பாகச் சேர்க்காதீர்கள். கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மா 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இதே சென்னையில்தான் இருக்கிறது. குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசுவதை அவர்கள் சிகிச்சையின் பாதியாக வைத்திருக்கிறார்கள். சென்னையில் தமிழிலேயே பேசலாம், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உட்லண்ட்ஸ் வேலு
மொழி சரி, ஆனால் சென்னையும் வெளிநாடுதானே சிஸ்டர்? திரும்பி வந்த பிறகு யார் பார்ப்பது? என் அண்ணனுக்கு விழுந்த அடி அங்கேதான்.

ஷா ஆலம் குமரன்
மொழி பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். இது என் வாதத்துக்கு எதிராகத்தான் போகும், ஆனால் அக்கா முடிவெடுக்கவேண்டிய இடத்தில் மறைக்க மனசு வரவில்லை. நான் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். நான்காவது கூட்டத்திலேயே அப்பாவைப் பற்றி அழுதுகொண்டு பேச முடிந்தது. என்னோடு பேராக்கிலிருந்து ஒரு அண்ணன் இருந்தார், தோட்டத்தில் வளர்ந்தவர். வட்டத்தில் அவர் முறை வரும்போதெல்லாம் "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ" என்பார். 28 நாளும் அதேதான். ராத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, செத்துப்போன மகளைப் பற்றித் தமிழில் மணிக்கணக்காகப் பேசுவார். அதை அங்கிருந்த ஒரு ஆலோசகரும் கேட்கவில்லை. அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று தெரியாது, போன் எடுப்பதில்லை.

கிள்ளான் அக்கா
குமரன் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு இடத்துக்கும் ஒரே கேள்விகளை அனுப்பினேன். ராத்திரியில் டாக்டர் உண்டா? வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரி? தமிழில் பேச யார்? திரும்பி வந்த பிறகு என்ன? சியாங் மாயிலிருந்து உடனே, மரியாதையாகப் பதில் வந்தது. டாக்டரைக் கூப்பிட்டால் வருவார், பெரிய ஆஸ்பத்திரிக்கு 25 நிமிடம், தமிழ் ஆலோசகர் இல்லை, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் தனிக்கட்டணம். சென்னை மையம் மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டது. ஈரல் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேட்டார்கள். "அக்கா, நீங்கள் இரண்டு வாரம் வந்து தங்க முடியுமா? வீட்டில் அவரோடு யார் இருப்பார்கள்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

முந்தாநாள் தம்பியை இங்கே அரசு மருத்துவமனையில் சேர்த்தேன். வேலையிடத்தில் ஈரல் கோளாறு என்று சொல்லியிருக்கிறோம், அதில் பொய்யும் இல்லை. நேற்று கை நடுக்கம் குறைந்திருந்தது. லீவு போட்டு நானே சென்னைக்குக் கூட்டிப்போகிறேன். நகையைத் தொடவேண்டியதில்லை. விசாவும் மருந்தும்தான் இன்னும் குழப்பமாக இருக்கிறது.

மயிலாப்பூர் சிஸ்டர்
நல்ல முடிவம்மா. சுற்றுலா விசாவில் வராதீர்கள். மருத்துவத்துக்கென்றே இ-விசா இருக்கிறது, துணைக்கு வருகிறவருக்கும் தனியாகக் கொடுப்பார்கள். மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் கடிதமும் மருந்துச் சீட்டும் ஆங்கிலத்தில் வாங்கி, மாத்திரைகளை அவற்றின் அட்டையோடேயே கொண்டுவாருங்கள்.

யாராவது, குடியை நிறுத்தவைக்கும் என்று டைசல்ஃபிராம் மாத்திரையைக் குழம்பில் கலந்து கொடு என்பார்கள். செய்யவே கூடாது. அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும்தான் அது மருந்து.

உட்லண்ட்ஸ் வேலு
அக்கா, ஊர் திரும்பியதும் முதல் மூன்று மாதத்துக்குக் கல்யாணம், காதுகுத்து எதற்கும் தம்பியைக் கூட்டிப்போகாதீர்கள். சொந்தக்காரர்கள் கோபித்தால் கோபிக்கட்டும்.

ஷா ஆலம் குமரன்
ஆங்கிலத்தில் மனசு திறக்கிறவருக்கு நான் இன்னும் தாய்லாந்தைத்தான் சொல்வேன். உங்கள் தம்பிக்கு சென்னை சரி. நாங்கள் ஆறு பேர் வாரம் ஒருமுறை கூடுகிறோம், நான்கு பேர் தமிழ்தான் பேசுவோம். அவர் திரும்பி வரும் தேதியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் அக்கா. விமான நிலையத்துக்கு நானே காரெடுத்து வருகிறேன், அன்று சாயங்காலமே கூட்டத்துக்குப் போய்விடலாம்.