மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைக்கு ஏன் வயிறு கழுவவில்லை?

கிரான் பெடியன்:
அக்காவின் மகன், இரண்டு வயது, குசினியில் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருந்த மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டான். உப்புத்தண்ணி பருக்கி வாந்தி எடுக்க வைக்கச் சொல்லி அயலுக்குள் எல்லாரும் நின்றார்கள், அக்கா விடாமல் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டா. அங்கேயும் வயிறு கழுவவில்லை, வாட்டில் வைத்துச் சும்மா பார்க்கிறார்கள். இது சரியா? பக்கத்துக் கட்டிலில் பனடோல் கூடுதலாகப் போட்ட பிள்ளைக்கு சேலைன் ஏறுகிறது, அவ நல்லா எழும்பி இருந்து கதைக்கிறா.

களுவாஞ்சிக்குடி தாதி:
தம்பி, அக்கா செய்ததுதான் சரி. மண்ணெண்ணெய் வயிற்றில் கிடப்பதைவிட நுரையீரலுக்குள் போனால்தான் ஆபத்து, வாந்தி எடுக்கும்போது அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவாக மாறிவிடும், அதனால்தான் வயிறு கழுவுவதில்லை. சும்மா பார்க்கவில்லை, இருமலும் காய்ச்சலும் வருகிறதா என்று பார்க்கிறார்கள். மூச்சு வாங்கி விலாப் பக்கம் உள்ளே இழுத்தால் உடனே கூப்பிடுங்கள்.

பனடோல் வேறு கதை. முதல் நாள் ஆள் சுகமாகத்தான் இருக்கும், ஈரல் பழுதானது இரண்டாம் மூன்றாம் நாள்தான் தெரியவரும். அதற்கான மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனைப் பனடோல் போட்டு 8 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் ஈரலைக் காப்பாற்றிவிடலாம். நல்லாத்தானே இருக்கிறா என்று வீட்டில் வைத்திருந்து, கண் மஞ்சளான பிறகு கொண்டுவருவதைப் பார்த்தால் வயிறு எரியும்.

நாவிதன்வெளி வயல்காரன்:
முந்தி எங்கட பக்கம் வயலுக்கு அடிக்கிற கிருமிநாசினியைக் குடித்துத்தான் ஆட்கள் செத்தது. 1995இல் இலங்கையில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 தற்கொலை. அந்த வருடம் மோனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் என்ற இரண்டு கிருமிநாசினிகளையும் நிறுத்தினார்கள், 2008க்குப் பிறகு பரகுவாட்டும் டைமெத்தோயேட்டும் போனது. வேளாண்மை விழுந்துவிடும் என்றார்கள், விழவில்லை, சாவுதான் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் இன்னும் கிருமிநாசினி பட்டவரைச் சாறனோடு அப்படியே கூட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

களுவாஞ்சிக்குடி தாதி:
ஓம் அண்ணன். உடுப்பைக் கழற்றி சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், தூக்குகிறவர் கையுறை போட வேண்டும். அதற்காக நேரம் போக்காமல் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள், போத்தலையும் லேபலோடு கொண்டுவாருங்கள், எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டொக்டருக்கு அடுத்த வேலை ஓடும்.

கிரான் பெடியன்:
நன்றி அக்கா. இருமல் குறைந்திருக்கிறது. பக்கத்துக் கட்டில் பிள்ளையை அதின் அம்மா ஒரே ஏசிக்கொண்டிருக்கிறா, பாவமாக இருக்கிறது.

களுவாஞ்சிக்குடி தாதி:
அவவை மெல்ல வெளியே கூட்டிப்போய்ச் சொல்லுங்கள் தம்பி, இப்ப ஏச்சு வேண்டாம், பிள்ளை பக்கத்தில் இருந்தால் போதும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பமுதல் மனநல டொக்டரைச் சந்திக்கக் கேட்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போன பிறகும் கதைக்க 1926 மனநல உதவி இலக்கம் இருக்கிறது.