பெரிய ஏரியில் கட்லா சிக்கவில்லை
கேள்வி: ஐரோப்பாவில் ப்ரீம், டென்ச் மீன்களுக்குச் செய்வதுபோல் தவிட்டு உருண்டைகளை ஒரே இடத்தில் எறிந்து, தூண்டிலை அடியில் கிடத்தி, பெங்களூரு அருகே ஒரு பெரிய ஏரியில் 3 நாள் காத்திருந்தும் கட்லா ஒன்றுகூடச் சிக்கவில்லை. பிழை எங்கே, நண்பர்களே?

பதில் 1: ஆழத்தில்தான். ப்ரீம், டென்ச் இரண்டும் அடிச்சேற்றைக் கிளறி மேய்பவை. கட்லாவோ வாய் மேல்நோக்கி அமைந்த, மேல்மட்டத்தில் மேயும் மீன். தக்கையை முள்ளுக்கு அருகே இறக்கிக் கட்டுங்கள், ஐயா.

பதில் 2: அடியில்தான் போடுவேன் என்றால், அடியில் மேயும் கெண்டை வகையான மிருகாலைத் தேடுங்கள். தவிட்டுடன் கடலைப் புண்ணாக்கைச் சேர்த்து, எறியும்போது உடையாமலும் அடியைத் தொட்டபின் மெல்லக் கரையும்படியும் பிசைவதே பாதி வேலை. என் முதல் உருண்டைகள் காற்றிலேயே சிதறின. அவ்விடத்தில் பொடிக்குமிழ்கள் கொத்தாக எழுந்தால் மீன் மேய்கிறது எனலாம்.

பதில் 3: ஏரியின் குத்தகைதாரரிடம் அனுமதி பெற்றீர்களா? கேளாமல் உட்கார்ந்து, தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு திரும்பியவன் நான்.