புதுப்பிப்பு: மூணாறுக்குக் காரிலேயே போய் வந்துவிட்டோம்

சென்னையிலிருந்து மூணாறுக்கு நான்கு பேர் போக காரா, விமானமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கடைசியில் கார்தான்.

சுற்றியதெல்லாம் சேர்த்து 1,310 கி.மீ. லிட்டருக்கு 15 கொடுத்தது. பெட்ரோல் 8,800 ரூபாய், டோல் 1,400, போகும்போது தேனியில் ஓர் இரவு அறை 2,500. ஆக 12,700. கொச்சிக்கு விமான டிக்கெட் மட்டுமே 28,000 காட்டியது. அப்புறம் கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியிலிருந்து மலையேற 110 கி.மீ. டாக்ஸி வேறு.

போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் சின்னவள் இரண்டு முறை வாந்தி. எலுமிச்சம்பழம் ஒன்றும் உதவவில்லை. திரும்பும்போது எங்கும் தங்காமல் ஒரே மூச்சாக ஓட்டி வந்தேன். மறுநாள் இடுப்பு வலியில் லீவு. அந்தச் சம்பளத்தை மேலே சேர்க்கவில்லை.