அமெரிக்க மாநிலங்களுக்கு உண்மையிலேயே அதிகாரம் இருக்கிறதா?

எழில்நிலவன்:
அமெரிக்காவில் மாநிலங்கள்தான் மூல அரசு, அவை விட்டுக்கொடுத்ததை வைத்துத்தான் வாஷிங்டன் ஆள்கிறது என்று இங்கே அடிக்கடி எழுதுகிறார்கள். அரசியல் சாசனத்தின் 1791இன் பத்தாவது திருத்தத்தை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். மத்திய அரசுக்குத் தரப்படாத, மாநிலங்களுக்கு மறுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது அது. நடப்பு வேறு.

மது வாங்கும் வயதைப் பாருங்கள். 1933இல் மதுவிலக்கை நீக்கிய 21ஆவது திருத்தம் மதுக் கட்டுப்பாட்டை மாநிலங்கள் கையில் விட்டது. 1984இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது: வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் முதல் வருடம் 5 சதவீதம், அடுத்து 10 சதவீதம் வெட்டு. தெற்கு டகோட்டாவில் அப்போது 19 வயதுக்காரர்கள் 3.2 சதவீத பீர் வாங்கலாம். அந்த மாநிலம் வழக்குப் போட்டு 1987இல் உச்ச நீதிமன்றத்தில் 7-2 என்று தோற்றது. 1988க்குள் எல்லா மாநிலங்களும் பணிந்துவிட்டன. நேரடியாகச் செய்ய முடியுமா என்பதே சந்தேகமாக இருந்த ஒன்றைக் காசைக் காட்டிச் செய்துகொள்ள முடியுமென்றால், பத்தாவது திருத்தத்துக்கு என்ன பொருள்?

தில்லைக்கூத்தன்:
எழில் சார், மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் கலக்குகிறீர்கள். காங்கிரஸ் குடிமக்கள் மீது நேரடியாகச் சட்டம் போடுவது ஒன்று. மாநிலத்துக்குப் பணம் கொடுத்து நிபந்தனை வைப்பது இன்னொன்று. "இதைச் செய்" என்று மாநில அதிகாரிக்கே உத்தரவு போடுவது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் வரம்போடு இடம் உண்டு. மூன்றாவதுக்கு அறவே இடமில்லை.

1993இல் வந்த பிரேடி சட்டம், கைத்துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை 5 வேலை நாட்களுக்குள் உள்ளூர் காவல் தலைமை அதிகாரி விசாரிக்க வேண்டும் என்றது. மொன்டானாவிலும் அரிசோனாவிலும் இரண்டு கவுண்டிகளின் (மாநிலத்துக்குள் உள்ள மாவட்டங்கள்) காவல் தலைவர்களான ஷெரிஃப்கள் மறுத்து வழக்குக்குப் போனார்கள். 1997இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அந்தப் பகுதியை ரத்து செய்தது. விசாரணை நல்லதா கெட்டதா என்பது அங்கே கேள்வியே இல்லை. மாநிலத்தின் கீழ் உள்ள ஷெரிஃபை வாஷிங்டன் வேலை வாங்க முடியாது, அவ்வளவுதான். அதற்கு முன்பே, 1992இல், கதிரியக்கக் கழிவு தொடர்பான நியூயார்க் வழக்கில் இந்தக் கொள்கை வந்துவிட்டது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சான்ட்ரா டே ஓ'கானர், நீங்கள் சொன்ன மது வயது வழக்கில் எதிர்த்து எழுதிய இரண்டு பேரில் ஒருவர்.

காரணத்தையும் பாருங்கள். வாஷிங்டன் ஆணையிட்டு மாநிலம் செய்தால், தவறு நேரும்போது யாரைத் தேர்தலில் தண்டிப்பது என்று வாக்காளருக்குத் தெரியாமல் போய்விடும்.

பூங்குன்றன்:
குறுக்கே ஒரு சந்தேகம். கவர்னர் மத்திய அரசோடு ஒத்துப்போகாவிட்டால் ஜனாதிபதி அவரை நீக்கிவிட்டு மாநிலத்தை எடுத்துக்கொள்ள முடியாதா?

தில்லைக்கூத்தன்:
முடியாது. அமெரிக்க கவர்னர் அந்த மாநில மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர், நம் ஊர் ஆளுநர் மாதிரி நியமனம் இல்லை. 356ஆவது பிரிவு போல அங்கே எதுவும் கிடையாது. கவர்னரை நீக்குவதென்றால் அந்த மாநிலத்தின் சட்டமன்றம் பதவிநீக்கம் செய்ய வேண்டும், அல்லது அந்த வழி உள்ள மாநிலங்களில் மக்களே திரும்ப அழைக்க வேண்டும். 2003இல் கலிஃபோர்னியா அப்படித்தான் கிரே டேவிஸை அனுப்பியது.

எழில்நிலவன்:
ஷெரிஃபைத் தொட முடியாது, சரி. ஆனால் உங்கள் முதல் வகையே எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறதே. ஓஹையோவில் ரோஸ்கோ ஃபில்பர்ன் என்ற விவசாயிக்கு மத்தியச் சட்டப்படி 11.1 ஏக்கர் கோதுமைக்குத்தான் அனுமதி. 23 ஏக்கர் விதைத்தார். கூடுதலாக விளைந்தது 239 புஷல், புஷலுக்கு 49 சென்ட் வீதம் 117 டாலர் 11 சென்ட் அபராதம். சொந்தப் பண்ணைத் தேவைக்கு வளர்த்தது என்று அவர் வாதிட்டும் எடுபடவில்லை. எல்லாரும் இப்படிச் செய்தால் சந்தை விலை பாதிக்கும், எனவே அது காங்கிரஸ் ஒழுங்குபடுத்தக்கூடிய மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தில் சேரும் என்று 1942இல் தீர்ப்பு. அதே தர்க்கத்தில் 2005இல் கலிஃபோர்னியாவின் மருத்துவக் கஞ்சாச் செடிகளும் மத்தியச் சட்டத்துக்குள் வந்தன. வீட்டுக்குள் வளர்ந்த செடி வணிகம் என்றால், வணிகம் அல்லாதது எது?

தில்லைக்கூத்தன்:
பள்ளிக்கு அருகே துப்பாக்கி வைத்திருப்பது வணிகம் அல்ல என்று 1995இல் லோபஸ் வழக்கில் நீதிமன்றம் சொன்னது. ஆக எல்லை இருக்கிறது, விரிந்த எல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கஞ்சா உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. 2005 தீர்ப்பால் கலிஃபோர்னியாவின் சட்டம் அழிந்துவிடவில்லை. மத்திய அரசு வழக்குப் போடலாம், ஆனால் தன் ஆட்களை வைத்துத்தான் போட வேண்டும். அவர்களுடைய போதைப்பொருள் தடுப்பு முகவர்கள் சில ஆயிரம் பேர்தான். மாநில, உள்ளூர் போலீஸ் லட்சக்கணக்கில் இருக்கிறது, அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அதனால்தான் 2012இல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கே அனுமதிக்க முடிந்தது.

இதில் எங்கே அடி விழுகிறது என்றால், வரியில். மத்தியப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பட்டியலின் மேல் இரண்டு அடுக்குகளில் உள்ள பொருளை விற்பவர் வாடகை, சம்பளத்தைச் செலவாகக் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்தின் 280ஈ பிரிவு சொல்கிறது. கஞ்சாவை 1970இலேயே முதல் அடுக்கில் வைத்துவிட்டார்கள். 100 டாலருக்கு விற்கும் ஒரு கடையில் சரக்கின் அடக்க விலை 60, வாடகையும் சம்பளமும் 30 என்று வையுங்கள். கையில் நிற்பது 10. ஆனால் 21 சதவீத நிறுவன வரி 40க்குப் போடப்படும், அதாவது 8.40. மாநில உரிமம் சுவரில் மாட்டியிருக்கும், லாபத்தில் மிஞ்சுவது 1.60. இரண்டு அரசுகளும் ஒரே கடையில் ஒரே நேரத்தில் நடைமுறையில் இருக்கின்றன.

பண நிபந்தனைக்கும் 2012இல் கடிவாளம் விழுந்தது. ஒபாமா கால மருத்துவச் சட்டம், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டை விரிவாக்காத மாநிலம் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் மெடிகெய்டு நிதியையும் இழக்கலாம் என்றது. தெற்கு டகோட்டா இழக்கவிருந்தது அதன் பட்ஜெட்டில் அரை சதவீதத்துக்கும் கீழே, இங்கேயோ 10 சதவீதத்துக்கு மேல். இது நெற்றியில் துப்பாக்கி வைப்பது என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். டெக்சாஸும் ஃபுளோரிடாவும் விரிவாக்கவில்லை, பழைய நிதி போகவும் இல்லை.

வைகைச்செல்வி:
ரெண்டு பேரும் மாநிலத்தோட நிறுத்திட்டீங்களே. மக்கள் தினமும் முட்டிக்கிற அரசு அதுக்குக் கீழே இருக்கு. 2022 கணக்கெடுப்புல அமெரிக்காவில் 90,837 உள்ளாட்சி அமைப்புகள். கவுண்டி வெறும் 3,031தான், 39,555 ஒரே ஒரு வேலைக்காக உண்டாக்கின தனி மாவட்டங்கள். இல்லினாய்ல ஒரு வீட்டுச் சொத்துவரி பில்லை எடுத்துப் பாருங்க: கவுண்டி, நகராட்சி, பள்ளி மாவட்டம், பூங்கா மாவட்டம், நூலகம், கொசு ஒழிப்பு மாவட்டம்னு வரிசையா, ஒவ்வொண்ணுக்கும் தனி விகிதம்.

இத்தனைக்கும் அரசியல் சாசனத்துல நகரம்ங்கிற அமைப்பைப் பத்தி ஒரு வரி கிடையாது. நகரம் மாநிலத்தோட படைப்பு. 1907ல அலிகெனி நகரத்தை பிட்ஸ்பர்க்கோட சேர்த்தப்ப, ரெண்டு ஊர் ஓட்டையும் ஒண்ணாக் கூட்டி எண்ணினாங்க. அலிகெனிக்காரங்கள்ல பெரும்பான்மை எதிர்த்தும் பலிக்கலை, உச்ச நீதிமன்றமும் சரின்னுடுச்சு. 2016 பிப்ரவரியில அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரம் குறைந்தபட்சக் கூலியை 10.10 டாலர் ஆக்குச்சு. மாநிலம் உடனே சட்டம் போட்டு ரத்து பண்ணிடுச்சு, கூலி மத்திய அளவான 7.25க்கே திரும்பிடுச்சு. வாஷிங்டன்கிட்ட உரிமை கேட்கிற அதே மாநிலம் தன் நகரத்துக்கு அதைக் கொடுக்கிறதில்ல. தில்லை, இதுக்கு என்ன சொல்றீங்க?

தில்லைக்கூத்தன்:
பல மாநிலங்களின் சாசனத்திலேயே நகரங்களுக்குத் தன்னாட்சிப் பிரிவு இருக்கிறது. ஆனால் மாநிலச் சட்டமன்றம் நினைத்தால் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும் என்பது உண்மை. அதை மறுக்க முடியாது.

வைகைச்செல்வி:
தாண்டினா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஃபிளின்ட் நகரம்தான் உதாரணம். மிச்சிகன் கவர்னர் நியமிச்ச அவசரகால மேலாளர்தான் 2011லேர்ந்து அந்த ஊரை நடத்தினார், தேர்ந்தெடுத்த மன்றத்துக்குப் பெயர்தான் மிச்சம். 2014 ஏப்ரல்ல செலவு குறைக்க டெட்ராய்ட் தண்ணியை விட்டுட்டு ஃபிளின்ட் ஆத்துக்கு மாத்தினாங்க. அந்தத் தண்ணி குழாயை அரிக்கும், பாஸ்பேட் சேர்த்தா குழாய்க்குள்ள ஒரு படலம் படிஞ்சு ஈயம் கரையாம நிக்கும். சேர்க்கலை. முதல்ல ஆறு ஆறு மாசமா ரெண்டு சுற்று சோதிச்சுப் பார்ப்போம்னு மாநிலச் சுற்றுச்சூழல் துறை விதியைத் தப்பாப் படிச்சுது. ஈயம் குழந்தைங்க உடம்புல ஏறிடுச்சு.

எழில்நிலவன்:
அந்த விதி மத்திய விதி. 1974இன் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டப்படி அமலாக்கத்தை மாநிலத்திடம் ஒப்படைத்துவிட்டு வாஷிங்டன் மேற்பார்வை பார்க்கும். தலையிடும் அதிகாரம் இருந்தும், 2016 ஜனவரி 21 வரை அவசர ஆணை வரவில்லை. வைகை, வாஷிங்டன் எல்லாவற்றிலும் கை வைக்கிறது என்ற என் வாதத்துக்கு இது எதிரானதுதான், ஏற்கிறேன்.

ஆனால் பணத்தைப் பற்றிச் சொன்னதை விடமாட்டேன். மது வயது நிபந்தனை இன்றும் இருக்கிறது, 2012 நிதியாண்டிலிருந்து வெட்டு 8 சதவீதம். ஒரு மாநிலமும் 21ஐக் கைவிடவில்லை.

தில்லைக்கூத்தன்:
ஓட்டுநர் உரிமத்துக்கான மத்தியத் தரமான ரியல் ஐடியையும் அதே கணக்கில் வையுங்கள். 2005இல் சட்டம். ஓட்டுநர் உரிமத்தை இப்படி அச்சடி என்று மாநிலத்துக்கு ஆணையிட முடியாததால், தரத்துக்கு வராத உரிமத்தை விமான நிலையத்தில் ஏற்கமாட்டோம் என்று சுற்றிவளைத்தார்கள். முதல் கெடு 2008 மே. மெய்ன் மறுத்துத் தீர்மானம் போட்டது, மொன்டானா சட்டமே போட்டது. கெடு தள்ளித் தள்ளிப்போய் அமலுக்கு வந்தது 2025 மே 7.

எழில்நிலவன்:
ஆனாலும் கடைசியில் எல்லா மாநிலங்களும் அந்த அட்டையைத்தானே அச்சடிக்கின்றன?

தில்லைக்கூத்தன்:
அச்சடிக்கின்றன, ஆனால் முதல் கெடுவிலிருந்து அமலாக 17 வருடம் ஆனது. பழைய அட்டையையும் சேர்த்தே அச்சடிக்கிறார்கள். எது வேண்டும் என்று கேட்டுக் கொடுக்கும் மாநிலங்கள் இன்றும் உண்டு.